டாக்டர் கேட்ட 180 டாலர்: கோ-பேக்கு மேலே ஒரு ஆண்டுக் கட்டணம்

நியூஜெர்சியில் நாங்கள் பல வருஷமாகப் போய்க்கொண்டிருக்கும் பிரைமரி கேர் (பொது மருத்துவம்) கிளினிக், ஜனவரியிலிருந்து 'ஆண்டு நிர்வாகக் கட்டணம்' என்று பெரியவர்களுக்குத் தலைக்கு 180 டாலர் கேட்டுக் கடிதம் அனுப்பியது. ஒவ்வொரு தடவை போகும்போதும் நாம் கொடுக்கும் கோ-பே தனி, இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்குமுன் வருஷா வருஷம் நாமே கட்ட வேண்டிய டிடக்டிபிள் தனி, இது தனி. இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் தராத வேலைகளுக்காக என்று காரணம் சொல்லி, கீழே ஒரு பட்டியல்: ஃபார்ம் நிரப்புவது, மருந்துச் சீட்டைப் புதுப்பிப்பது, ரெஃபரல் (வேறு டாக்டரிடம் அனுப்பும் சீட்டு), பிரையர் ஆதரைசேஷன் (இன்சூரன்ஸிடம் முன் அனுமதி வாங்குவது), கிளினிக்கின் இணையப் போர்ட்டலில் கேட்கும் கேள்விக்குப் பதில், அன்றைக்கே அப்பாயின்ட்மென்ட். 'உங்கள் சிகிச்சை தடைபடாமல் இருக்க' டிசம்பருக்குள் கட்டிவிடுங்கள் என்று முடித்திருந்தார்கள். கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை.

டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல மனுஷி. ஒரு மருந்துக்கு இன்சூரன்ஸ் அனுமதி வாங்க அவருடைய ஊழியர் அரை மணி நேரம் லைனில் காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த அரை மணிக்கு யாரும் அவருக்குப் பணம் தருவதில்லை. ஆனால் அதை நோயாளி தலையில் கட்டலாமா என்பது வேறு கேள்வி.

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் புதிதல்ல. 1996-இல் சியாட்டிலில் வசதி உள்ளவர்களுக்கென்று, கட்டணம் கட்டிச் சேர்பவர்களை மட்டும் பார்க்கத் தொடங்கிய 'கன்சியர்ஜ்' மருத்துவம், பின்னால் எம்டிவிஐபி போன்ற நிறுவனங்கள் மூலம் நாடு முழுக்கப் பரவியது. அங்கே ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கினாலும், ஒரு டாக்டர் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையையாவது குறைப்பார்கள். எங்கள் கிளினிக் கேட்டது அதற்கு ஏழைத் தம்பி மாதிரி. கூட்டம் அப்படியேதான் இருக்கும், கட்டணம் மட்டும் புதுசு.

முதலில் இன்சூரன்ஸ் அட்டையின் பின்பக்க நம்பருக்கு அடித்தேன். பேசிய பெண், "அது உங்களுக்கும் டாக்டருக்கும் நடுவில்" என்று கழற்றிவிடப் பார்த்தார். 'டாக்டர் அதிகமாகக் கேட்கிறார்' என்று புலம்பினால் இந்தப் பதில்தான் வரும். மறுபடி கூப்பிட்டபோது கேள்வியை மாற்றினேன்: "உங்களோடு ஒப்பந்தம் போட்டு நெட்வொர்க்கில் இருக்கும் டாக்டர், இன்சூரன்ஸில் கவர் ஆகும் சேவையைத் தருவதற்கு ஆண்டுக் கட்டணத்தை நிபந்தனையாக வைக்கலாமா? உங்கள் ஒப்பந்தம் என்ன சொல்கிறது?" இதைக் கேட்டதும் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே தெளிவாகச் சொன்னார்கள்: கவர் ஆகும் சேவைக்குக் கோ-பே, கோ-இன்சூரன்ஸ் (பில்லில் நம் பங்கான சதவீதம்), டிடக்டிபிள் தவிர ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. கவர் ஆகாத சேவைக்கு, முன்கூட்டியே சொல்லிவிட்டு வாங்கலாம். பட்டியலை வாசித்துக் காட்டினேன். ரெஃபரலும் பிரையர் ஆதரைசேஷனும் தங்கள் ஒப்பந்தப்படி டாக்டர் செய்தே ஆக வேண்டிய வேலை, அதற்குத் தனிக் காசு கிடையாது. கேம்ப் ஃபார்ம், ஆபீஸ் லீவ் ஃபார்ம் போன்றவற்றுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அழைப்பின் ரெஃபரன்ஸ் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பின்னால் கிளினிக்கிடம் பேசும்போது அந்த நம்பருக்கு இருந்த மரியாதை என் பேச்சுக்கு இருக்கவில்லை!

மாநில இன்சூரன்ஸ் துறைக்குப் புகார் போடலாமே என்று தோழி ஒருத்தி சொன்னாள். அதற்கு முன் கணவருடைய ஹெச்.ஆரில் கேட்டதில், எங்கள் பிளான் 'செல்ஃப் ஃபண்டட்' என்று தெரிந்தது. அட்டையில் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தாலும், பணம் கட்டுவது வேலை கொடுத்த கம்பெனிதான். அப்படிப்பட்ட பிளான்கள் எரிசா என்ற மத்தியச் சட்டத்தின் கீழ் வருபவை. பிளான் சம்பந்தமான புகாருக்கு மாநிலத் துறை கைகொடுக்காது, மத்தியத் தொழிலாளர் துறையிடம்தான் போக வேண்டும். பெரிய கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலருக்கு இதுதான் நிலைமை என்பதால் சொல்கிறேன்.

அப்புறம் கிளினிக்குக்குப் போர்ட்டலில் எழுதினேன். திட்டவில்லை, மூன்றே கேள்விகள்தான். இந்தக் கட்டணம் கட்டாயமா, விருப்பமா? கட்டாவிட்டால் நீங்கள் தொடர்ந்து பார்ப்பீர்களா? பட்டியலில் உள்ள ரெஃபரலும் ஆதரைசேஷனும் ஒப்பந்தப்படி இலவசம் என்று இன்சூரன்ஸ் சொல்கிறதே (ரெஃபரன்ஸ் நம்பர் இது), அப்படியானால் 180 டாலர் எதற்கு? எழுத்தில் கேட்டதற்கு ஆபீஸ் மேனேஜர் போனில் பதில் சொல்ல வந்தார். இனிமையாகப் பேசினார், சுற்றி வளைத்தார். "சரிங்க, இதையே போர்ட்டலில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நாள் சத்தமில்லை. அதற்குப் பிறகு வந்த பதில்: கட்டணம் விருப்பத்தின் பேரில், கட்டாதவர்களையும் வழக்கம்போலப் பார்ப்போம், ஃபார்ம் நிரப்ப ஒவ்வொன்றுக்கும் 25 டாலர். கடிதத்தில் எங்குமே இல்லாத 'விருப்பம்' என்ற சொல், கேட்டவர்களுக்கு மட்டும் கிடைத்தது.

எதிர் வீட்டு மாமியும் அதே கிளினிக்தான், ஆனால் அவருக்கு இருப்பது மெடிகேர், பெரும்பாலும் முதியவர்களுக்கான மத்திய அரசு இன்சூரன்ஸ். அவருக்கும் அச்சு அசல் அதே கடிதம். மெடிகேரில் இன்னும் கெடுபிடி உண்டு. மெடிகேர் ஏற்கெனவே பணம் கொடுக்கும் சேவைக்கு ஆண்டு ஒப்பந்தம் என்ற பெயரில் மறுபடி வாங்கக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 2004-லேயே எச்சரித்திருக்கிறது. நோயாளிகளிடம் ஆண்டுக்கு 600 டாலர் கேட்ட ஒரு டாக்டர் 53,400 டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டதை அந்த எச்சரிக்கையிலேயே போட்டிருக்கிறார்கள். மாமி கிளினிக்குக்கே நேரில் போய், "மெடிகேருக்குப் போன் பண்ணிக் கேட்கட்டுமா?" என்றாராம். கடிதம் தவறுதலாக வந்துவிட்டது, நீங்கள் ஒன்றும் கட்ட வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

கட்டுவதாக இருந்தால், மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் சேர்க்கும் ஹெச்.எஸ்.ஏ பணத்திலிருந்து கட்டலாமா என்றும் பார்த்தேன். இன்ன சிகிச்சைக்கு என்று இல்லாமல், சும்மா 'அணுகலுக்காக' வாங்கும் கட்டணம் பொதுவாக அதில் சேராது. 2026 முதல் 'டைரக்ட் பிரைமரி கேர்' கட்டணத்தை ஒருவருக்கு மாதம் 150 டாலர் வரை ஹெச்.எஸ்.ஏவிலிருந்து கொடுக்கலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. ஆனால் அது அந்த மாதச் சந்தாவை மட்டுமே வாங்கிக்கொண்டு பார்க்கும் டாக்டர்களுக்கு. இன்சூரன்ஸுக்கும் பில் போட்டுக்கொண்டு மேலே கேட்பவர்களுக்கு அல்ல.

இதெல்லாம் நடக்கும்போதே வேறு டாக்டரும் தேடினேன். இன்சூரன்ஸ் இணையதளத்தில் 'புதிய நோயாளிகளை ஏற்கிறார்' என்று பச்சையில் போட்டிருக்கும், போன் பண்ணினால் நாலு மாசம் கழித்து வாருங்கள் என்பார்கள். அதற்குள் மெடிக்கல் ரெக்கார்டுகளைப் போர்ட்டலிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டேன். அதற்குக் காசில்லை. நாமே கேட்டு நகல் வாங்கினாலும், நோயாளியின் மருத்துவத் தகவல் பற்றிய ஹிப்பா சட்டப்படி நகலெடுக்க ஆகும் நியாயமான செலவை மட்டும்தான் வாங்கலாம். பாக்கி இருக்கிறது என்று ரெக்கார்டைப் பிடித்து வைக்கவும் முடியாது.

ஜனவரியில் கணவரின் செக்கப்புக்குப் போனபோது, வரவேற்பில் கொடுத்த டேப்லெட்டில் பெயர், முகவரி, அட்டைப் படம் எல்லாம் முடிந்தபின் ஒரு திரை வந்தது. நீல நிறத்தில் அகலமாக '180 டாலர் செலுத்து'. அதற்குக் கீழே, கண்ணாடி இல்லாதவர் கண்ணுக்குத் தெரியாத வெளிர் சாம்பலில் 'இப்போது வேண்டாம்'. கணவர் நீலத்தைத் தொடப் போனார், நான் கையைப் பிடித்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் யோசிக்காமல் அட்டையைச் சொருகிக்கொண்டிருந்தார். இலவசமாக இருக்க வேண்டிய வருடாந்தர செக்கப்பில் வேறு ஏதாவது நுழைத்திருக்கிறார்களா என்று, இன்சூரன்ஸிலிருந்து வீட்டுக்கு வந்த ஈ.ஓ.பி என்ற கணக்கு விளக்கத் தாளையும் சரிபார்த்தேன். 'இது பில் அல்ல' என்று தலைப்பில் போட்ட அந்தத் தாளில், நோயாளி கொடுக்க வேண்டியது பூஜ்யம் என்று இருந்தது.

போன மாதம் பையனின் சம்மர் கேம்ப் ஹெல்த் ஃபார்முக்கு 25 டாலர் கொடுத்தேன். அது நியாயமான காசு, அதில் எனக்குக் குறையில்லை. என் கேள்விகளை வாங்கிக்கொண்ட தோழியோ அவளுடைய கிளினிக்கில் கேட்டுவிட்டு, கடைசியில் கட்டியே விட்டாள். அவள் அப்பாவுக்கு வாரா வாரம் ஏதாவது ஒரு ஃபார்ம் தேவைப்படுகிறது, தனித்தனியாகக் கொடுத்தால் இன்னும் அதிகம் ஆகும் என்று கணக்குப் போட்டாளாம்.