தண்ணீருக்குள் ஒரு குடை

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பார் ஆத்தா. மழைக்கு மறுநாள் விடியுமுன் புற்றுமேட்டுக்குப் போய் மடி நிறையப் பறித்து வருவார். தண்ணீர் தேங்கிய பள்ளத்தின் பக்கம் திரும்பக்கூட மாட்டார். அங்கே இருந்தாலும் அழுகித்தான் கிடக்கும். அவரிடம் பாடம் படித்தவன், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆற்றுக்குள் காளான் தேடிக்கொண்டிருந்தேன்.

அங்குள்ள மெட்போர்டு நகரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். கிரேட்டர் ஏரிக்கு வடமேற்கே ஊற்றாகப் பிறக்கும் ரோக் ஆறு, யூனியன் கிரீக் அருகே எரிமலைக் குழம்பு விட்டுச்சென்ற குகைக்குள் புகுந்து, சற்றுத் தள்ளி மறுபடி வெளியே வருகிறது. எல்லோரும் அதைத்தான் படமெடுக்கிறார்கள். நான் தேடி வந்ததோ விரல்நகம் அளவுள்ள ஒரு பழுப்புக் குடையை.

2005-இல் ராபர்ட் காஃபன் என்பவர் இந்த ஆற்றின் மேல்பகுதியில் அதைக் கண்டார். வெள்ளத்தில் முங்கிய தரைக்காளானாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 11 வாரங்கள் கவனித்தபோதும் ஓடும் நீருக்கடியிலேயே நின்றது. ஜோனதன் ஃபிராங்க், டார்லின் சவுத்வொர்த் என்ற ஆய்வாளர்கள் இருவரோடும் சேர்ந்து 2010-இல் அதற்கு அவர் வைத்த பெயர் சாதிரெல்லா அக்வாட்டிகா. குளிர்ந்த, தெளிந்த, ஓடுகிற நீர் வேண்டும். அடியில் வண்டலோ சரளையோ ஊறிய கட்டையோ வேண்டும்.

ஆர்வக்கோளாறில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். ஆகஸ்ட் மாதம்தான், ஆனாலும் கணுக்கால் எலும்பு வரை குளிர் குத்தியது. இரண்டடி வைத்ததும் காலடியில் வண்டல் புகைபோலக் கிளம்பியது. அப்போதுதான் உறைத்தது: தேடி வந்ததை நானே மிதித்துக்கொண்டிருக்கலாம். வந்த வழியே ஏறிவிட்டேன்.

இந்தப் பகுதி 1988-இலேயே கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்துவிட்டது; இங்கே புதிதாக அணை கட்ட முடியாது. காளானுக்காகச் செய்ததல்ல, அதைக் கண்டுபிடிக்கவே இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன. ஆற்றைக் காத்தார்கள், காளானும் பிழைத்தது. வேறு வழியும் இல்லை. இதை மட்டும் பெயர்த்து வேலிக்குள் வளர்க்கவா முடியும்? ஆனால் நீர் சூடேறுவதையும் என்னைப் போன்றவர்களின் கால்களையும் எந்தச் சட்டம் தடுக்கும்? அதனால் இடத்தை இதற்குமேல் சொல்வதாக இல்லை.

கரையில் குப்புறப் படுத்து, நீரின் மினுக்கத்தில் கண் கூசாத கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். பைன் ஊசிகள், கூழாங்கல், ஒரு புழுக்கூடு. பிறகு ஊறிய கட்டை ஒன்றின் ஓரத்தில், நீரோட்டத்துக்கு ஏற்ப மெல்ல ஆடும் வெளிறிய தண்டு; உச்சியில் மணி வடிவக் குடை. குடைக்கு அடியில் பாசிமணிபோல ஒரு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தது. குடை ஆட ஆட அதுவும் மின்னியது. இப்படிக் குமிழி தங்குவதை ஆய்வாளர்களும் குறித்திருக்கிறார்கள்.

கைப்பேசியில் பத்துப் படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் வானம்தான் விழுந்திருந்தது, நடுவில் ஒரு பழுப்புப் புள்ளியோடு. மாலையில் மனைவியிடம் நீட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“என்னங்க, இது சருகுதானே?”