மரத்தரை போடும் முன்

கீழ்த்தளப் படுக்கையறைக்கு மரத்தரை போடப் போகிறோம். அறை ஹாலைவிட 2 அங்குலம் தாழ்வு என்பதால் முதலில் கான்கிரீட்டை உயர்த்த வேண்டும். பலகை, அடியில் விரிக்கும் ஃபோம் இரண்டின் கனத்தையும் அந்த 2 அங்குலத்தில் கழித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கதவு இடிக்கும்.

எங்கள் கொத்தனார் அண்ணன் பழைய தளத்தைக் கொத்தி, தூசியைக் கழுவி, சிமென்ட் பால் ஊற்றி, அது ஈரமாக இருக்கும்போதே கலவையைப் போட்டார். அருமையான வேலைக்காரர். பிடிப்பு இல்லாவிட்டால் புதுத்தளம் பெயர்ந்து, நடக்கும்போது டொக் டொக்கென்று சத்தம் வரும்.

அப்புறம் காயவிட வேண்டும். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு. சென்னை மழைக்காலத்தில் இன்னும் கூடும். ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ பலகை வேலையைத் தொடங்கவே கூடாது. மரம் ஈரம் குடித்து உப்பிவிடும்.

மட்டமும் பாருங்கள். 10 அடி மட்டப்பலகைக்கு அடியில் 5 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் தானாகவே பரவி மட்டமாகும் செல்ஃப் லெவலிங் கலவை ஊற்றச் சொல்லுங்கள்.