பாப்பாவுக்கும் அதே கேக்

டிசம்பர் 28

தேங்காய் எண்ணெய் போத்தலோடு உறைந்துவிட்டது. பாப்பாவுக்குப் பாலும் முட்டையும் ஆகாது. பட்டருக்குப் பதிலாக இதை நாளைக்கு அடித்துப் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 29

அடித்தேன். வெள்ளை வெளேரென்று பொங்கி வந்தது! பட்டரையும் சீனியையும் அடிக்கும்போது சீனிப் பரல்கள் கட்டிக் கொழுப்பைக் கீறிக்கொண்டு போய்க் காற்றை உள்ளே புதைக்கின்றன. கொழுப்பு உருகியிருந்தால் அந்தக் காற்று நிற்காது. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகையில் உருகிவிடும். கொழும்பில் அது எந்நாளும் தண்ணீராகத்தான் இருக்கும், அதனால் போனில் சொன்னபோது அவர் நம்பவேயில்லை. இங்கே மலைநாட்டில், கந்தப்பளையில், மார்கழிக் குளிருக்கு அது பட்டரைவிடக் கெட்டி. சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் சற்று நேரம் வைத்து, விரல் பதியும் பதத்தில் எடுத்தேன். பட்டரில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் உண்டு, எண்ணெயில் துளியும் இல்லை. ஆகவே 100 கிராம் பட்டர் போட வேண்டிய இடத்தில் 80 கிராம் எண்ணெய், மிச்சத்துக்குக் கெட்டித் தேங்காய்ப்பால்.

பிஸ்கட் சத்தத்தோடு உடைந்தது. பெரியவனும் பாப்பாவும் ஒரே தட்டில் இருந்து சாப்பிட்டார்கள்.

டிசம்பர் 31

அத்தை மறுபடியும் ஆரம்பித்தார். “ஒரு சொட்டுப் பால்ல என்னா ஆகிடும் புள்ள? கொஞ்சங் கொஞ்சமா குடுத்தா ஒடம்பு பழகிரும்.” மாடு கட்டி, பால் கறந்து, அந்தக் காசில் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவருக்குப் பால் கெடுதல் செய்யும் என்று சொல்வதே வலிக்கிறது, அது எனக்குப் புரிகிறது. “பழக்குறதுன்னா டாக்டர் பக்கத்துல இருந்து பழக்கணும் அத்தை” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினோமே. வீட்டில் எல்லோரும் பிளேன்டீ. அடுத்த வருடம் பேக்கரிகளுக்கு இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். நாடே பாலும் முட்டையும் இல்லாமல் சமாளித்த காலம் அது. ஒரு பிள்ளைக்காக ஒரு வீடு சமாளிக்கக் கூடாதா?

ஜனவரி 3

பிறந்தநாளுக்கு நர்சரிக்குக் கேக் கொண்டுபோக வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்று, பாப்பாவுக்குத் தனியாக டப்பாவில் ஒன்று என்று டீச்சர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அது வேண்டாம். போன வருடம் முழுக்க டப்பாதான். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் என் கைப்பையில் அவளுக்கென்று ஒரு டப்பா. அவள் அதைத் திறப்பதற்கு முன்னால் மற்றவர்களின் தட்டைப் பார்ப்பாள்.

ஒரே கேக். எல்லோருக்கும் அதிலிருந்துதான் வெட்ட வேண்டும்.

ஜனவரி 5

நடுவில் குழி விழுந்துவிட்டது. விளிம்பு நன்றாக இருக்கிறது, நடு களி.

ஜனவரி 6

கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து கோல் இல்லை.

ஜனவரி 7

குழி ஏன் விழுகிறது என்று நேற்றிரவு முழுக்க யோசித்தேன். நுவரெலியா 1,868 மீட்டர், நாங்கள் அதற்கும் கொஞ்சம் மேலே. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அப்பச்சோடாவிலிருந்து வரும் வாயு அதனால் கூடுதலாக விரிந்து கேக்கைச் சட்டென்று தூக்கிவிடுகிறது. முட்டை இருந்தால் அதன் புரதம் சூட்டில் இறுகி, உயர்ந்ததை உயர்ந்தபடியே பிடித்துக்கொள்ளும். முட்டை இல்லாத கேக்கைப் பிடித்துக்கொள்வது கோதுமை மாவு மட்டும்தான். அது வெந்து இறுகுவதற்குள் குமிழிகள் பெருத்து உடைந்து, நடு உட்கார்ந்துவிடுகிறது.

அதனால் சோடாவைக் கால் பங்கு குறைக்க வேண்டும். சீனியிலும் ஒரு மேசைக்கரண்டி எடுத்துவிடலாம், சீனி கூடினால் இறுகுவது தாமதமாகும். தண்ணீர் இரண்டு கரண்டி கூட, ஏனென்றால் இங்கே சீக்கிரம் ஆவியாகிறது. ஓவனைப் பத்துப் பாகை ஏற்றி, ஆழமான தட்டை விட்டுவிட்டு நடுவில் ஓட்டை உள்ள தட்டில் ஊற்றினால் நடு என்ற ஒன்றே இருக்காது.

புத்தகத்தில் உள்ள அளவெல்லாம் கீழ்நாட்டு அளவு. நாங்கள் மேலே இருக்கிறோம் என்று எந்தப் புத்தகக்காரரும் நினைப்பதில்லை.

ஜனவரி 8

மார்ஜரின் டப்பாவைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். ‘தாவர எண்ணெய்’ என்று முன்பக்கம் பெரிய எழுத்து. பின்பக்கம் கடுகு அளவு எழுத்தில் வே பவுடர். பாலில் இருந்து வடிந்த புரதம்தான் அது. கேசீன், கேசினேட், பால் திண்மம் எல்லாம் பால்தான். முட்டைக்கு அல்புமின்.

பக்கத்து வீட்டு அக்கா டவுனில் தேடி லாக்டோஸ் இல்லாத பால் வாங்கி வந்து தந்தார். கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அது வேறு வியாதிக்கு. லாக்டோஸ் பாலில் உள்ள சீனி, பாப்பாவுக்கு ஆகாதது பாலின் புரதம், அந்தப் போத்தலில் புரதம் அப்படியே இருக்கிறது. ஆட்டுப்பாலும் ஆகாது. இரண்டின் புரதமும் கிட்டத்தட்ட ஒன்று, உடம்புக்கு வித்தியாசம் தெரியாது.

ஜனவரி 10

பாணும் பனிஸும் விற்கும் சூன் பாண் ஆட்டோ வரும் மெட்டு லயத்து வளைவிலேயே கேட்கும். பாப்பா ஓடிப்போய் வாசலில் நிற்கிறாள். வாங்கித் தரச் சொல்லிக் கேட்பதில்லை. சும்மா பார்க்கிறாள். பனிஸ் மேலே மினுமினுக்கிறதே, அது முட்டை.

ஜனவரி 12

அவர் வெள்ளவத்தையிலிருந்து ஆளி விதை அனுப்பியிருக்கிறார். ஒரு மேசைக்கரண்டி பொடிக்கு மூன்று கரண்டி தண்ணீர், கால் மணி நேரம் ஊறினால் முட்டையின் வெள்ளைக்கரு போல நூல் விடுகிறது. பிஸ்கட்டுக்கும் கேரட் கேக்குக்கும் அருமை. மெத்தென்ற கேக்குக்குக் கனம்.

வாழைப்பழம் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். அரைப் பழம் ஒரு முட்டையின் வேலையைச் செய்யும், ஆனால் எதைச் செய்தாலும் வாழைப்பழக் கேக்தான் வருகிறது.

தைப்பொங்கல்

பால் பொங்க வேண்டுமே என்று ஒரு வாரமாக மனதில் கிடந்தது. பானையில் அரிசி களைந்த தண்ணீரையும் தேங்காய்ப்பாலையும் ஊற்றினேன். தேங்காய்ப்பால் தனியாகக் கொதித்தால் திரிந்துவிடும், அரிசிக் கழுநீரில் உள்ள மாப்பொருள் அதைப் பிடித்து நுரை கட்ட வைக்கும் என்று எண்ணித்தான் செய்தேன். கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. நெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயில் கஜுவும் பிளம்ஸும் பொரித்துப் போட்டேன், கித்துள் பாணி ஊற்றினேன்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. பாப்பாவின் கையைப் பிடித்து முதல் அகப்பையைச் சூரியனுக்குப் படைக்க வைத்தார்.

ஜனவரி 17

நேற்றுக் கோவிலுக்குக் கொண்டைக்கடலை அவித்த தண்ணீரைக் கொட்டவில்லை. உப்புப் போடாமல் அவித்தது. இரவு முழுக்க வெளியில் வைத்தேன், காலையில் கூழ்ப் பதம். பத்து நிமிடம் அடித்ததும் முட்டை வெள்ளை போலவே நுரைத்து, சட்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் நின்றது. 2014இல் ழோயல் ரோசல் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தத் தண்ணீர் நுரைப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னாராம். நாங்கள் எத்தனை தலைமுறையாகக் கடலை அவிக்கிறோம், அத்தனை தண்ணீரும் வாய்க்காலில் போனது!

மூன்று மேசைக்கரண்டி ஒரு முட்டைக்குச் சமம்.

ஜனவரி 18

அந்த நுரையில் சீனி சேர்த்துச் சுட்ட மெரிங்கு காலையில் மொறுமொறுவென்று இருந்தது, மூடுபனி இறங்கியதும் பிசின்.

ஜனவரி 20

கஸ்டர்ட் பவுடர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அதில் முட்டை கிடையாது, சோளமாவும் நிறமும் வாசனையும்தான். 1837இல் பேர்மிங்காமில் அல்பிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் அதைச் செய்தது அவருடைய மனைவிக்காக. எலிசபெத்துக்கு முட்டை ஆகாது. மனைவிக்கு ஈஸ்டும் ஆகாதென்று 1843இல் பேக்கிங் பவுடரையும் செய்தார். இன்று உலகம் முழுக்க யார் யார் வீட்டிலோ இருக்கிற இரண்டு டப்பா, ஒரு பெண் எல்லோரோடும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டவை. அந்த எலிசபெத் முதல் கரண்டியை வாயில் வைத்தபோது அந்த மனிதர் எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்!

தேங்காய்ப்பாலில் காய்ச்சினேன். பாப்பா சட்டியை வழித்தாள்.

ஜனவரி 22

இரவு 2 மணி. கன்னத்தில் தடிப்பு, பிறகு காது, பிறகு கழுத்து. ஒவ்வாமைக்குத் தந்திருக்கிற பாணி மருந்தைக் கொடுத்தேன். மூச்சு சீராக இருக்கிறது. மடியில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கிறேன்: காலையில் ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பகல் சோறு, பருப்பு, லீக்ஸ், பின்னேரம் என் பிஸ்கட், இரவு இடியப்பம். ஒன்றிலும் இல்லை. ஒன்றிலுமே இல்லை. மா வாங்கிய கடையில் தராசுத் தட்டில் பால்மா சிந்தியிருந்ததா? சீனிப் பையிலா? புதுக் கொத்தமல்லிப் பொடியா?

கதவுக்குப் பின்னால் பெரியவன் நின்று அழுகிறான். ஸ்கூலில் யாரோ பால் டொஃபி கொடுத்தார்களாம். சாப்பிட்டுவிட்டு வந்து தூங்கும் தங்கச்சிக்குக் கன்னத்தில் முத்தம் கொடுத்திருக்கிறான். எட்டு வயதுப் பிள்ளை. அவனையும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 23

தடிப்பு இறங்கிவிட்டது.

ஜனவரி 25

கோல் வந்தது. பெப்ரவரி 12, காலை எட்டு மணி. முதலில் முட்டை, பால் பிறகு. நான் முட்டை போட்டு மஃபின் செய்து கொண்டுவர வேண்டுமாம். அளவு அவர்களே தருவார்கள், 180 பாகை, 30 நிமிடம். அவர்கள் முன்னால் சிறு துண்டிலிருந்து தொடங்கிக் கூட்டிக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பார்கள். முட்டை ஆகாத பிள்ளைகளில் நிறையப் பேருக்கு, மாவோடு சேர்ந்து நன்றாக வெந்த முட்டை ஒத்துக்கொள்ளுமாம், சூட்டில் அந்தப் புரதத்தின் உருவம் மாறிவிடுவதால். வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது என்று நர்ஸ் மிஸ் இரண்டு தடவை சொன்னார். ஐந்து நாளைக்கு முன்னமே பாணி மருந்தை நிறுத்த வேண்டும்.

இந்த வீட்டுக்குள் முட்டை வந்து எத்தனை மாதம்.

ஜனவரி 26

ஒன்று இடிக்கிறது. இங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஓவன் 180 காட்டினாலும், ஈரம் இருக்கும்வரை மஃபினின் நடு அந்தக் கொதிநிலையைத் தாண்டாது. கண்டியில் 98 போகும். அப்படியென்றால் கந்தப்பளையில் வெந்த முட்டையும் கண்டியில் வெந்த முட்டையும் ஒன்றா? நாலு பாகையில் என்ன என்று அவர் கேட்கிறார். நாலு பாகையில் என்ன என்றுதான் நானும் கேட்கிறேன், பதில் தெரியாமல் எப்படிப் பிள்ளையின் வாயில் வைப்பது? அவர்களுடைய அளவு கீழ்நாட்டு அளவு.

ஜனவரி 31

கேக்!

ஒன்றரைக் கோப்பை மா, ஒரு கரண்டி குறைய ஒரு கோப்பை சீனி, மூன்று மேசைக்கரண்டி கொக்கோ, முக்கால் தேக்கரண்டி அப்பச்சோடா, கொஞ்சம் உப்பு. எண்ணெய் ஆறு மேசைக்கரண்டி, தேங்காய் வினாகிரி ஒரு மேசைக்கரண்டி. தண்ணீருக்குப் பதில் ஒரு கோப்பையும் இரண்டு கரண்டியும் பிளேன்டீ, தோட்டத்துத் தேத்தூளில் நன்றாகச் சாயம் இறங்கியது, ஆற வைத்தது. கொக்கோவின் கசப்புக்கு அந்தச் சாயம் எப்படிப் பொருந்துகிறது! கலந்ததும் ஒரு நிமிடம்கூட வைக்கக் கூடாது, வினாகிரியும் சோடாவும் சேர்ந்த உடனே பொங்கத் தொடங்கிவிடும், அந்தப் பொங்கல் ஓவனுக்குள் நடக்க வேண்டும். ஓட்டைத் தட்டு. மேலே கெட்டித் தேங்காய்ப்பாலில் உருக்கிய கறுப்புச் சொக்லட்.

நர்சரியில் பாப்பாதான் வெட்டினாள். முதல் துண்டு டீச்சருக்கு, பிறகு வரிசையாகப் பிள்ளைகளுக்கு, பிறகு தனக்கு. யாருடைய தட்டையும் பார்க்கவில்லை, சாப்பிட்டாள்.

பின்னேரம் அத்தை, “அந்தக் கேக்கு இன்னங் கொஞ்சம் இருக்காம்மா?” என்றார்.

பெப்ரவரி 4

லீவு நாள். அவித்த உருளைக்கிழங்கை மசித்து மாவோடு பிசைந்து பனிஸ். கிழங்கு ஈரத்தைப் பிடித்து வைப்பதால் பாலும் முட்டையும் இல்லாமலே இரண்டாம் நாளும் மெத்தென்று இருக்கிறது. மேலே தேங்காய்ப்பாலில் கித்துள் பாணி கலந்து பூசினேன். மினுங்குகிறது. சூன் பாண் ஆட்டோவில் உள்ள அளவுக்கு இல்லை, ஆனால் மினுங்குகிறது.

பெப்ரவரி 7

மருந்து நிறுத்தியாயிற்று. பெரியவன் ஸ்கூலிலிருந்து வந்ததும் தானாகப் போய்ச் சவர்க்காரம் போட்டு முகம் கழுவுகிறான்.

பெப்ரவரி 8

இன்றைக்குப் பெரியவன் வெளியில் யார் கொடுத்ததையும் வாங்கவில்லை.

பெப்ரவரி 9

முடிவு: மஃபினைக் கட்டுகஸ்தோட்டையில் அக்கா வீட்டில் செய்கிறேன். கண்டி உயரம், கண்டி ஓவன், அவர்கள் சொன்ன 30 நிமிடம். என் அகப்பையும் சட்டியும் வீட்டிலேயே இருக்கட்டும்.

பெப்ரவரி 11

புசல்லாவை வரை மழை. பாப்பா ரம்பொடையில் வாந்தி எடுத்தாள், பஸ் வளைவுதான், வேறொன்றுமில்லை.

முட்டையை உடைக்கும்போது கை நடுங்கியது. அக்காதான் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியில் போனாள். மஃபின் நன்றாக எழும்பியிருக்கிறது, ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன், நடு காய்ந்துதான் வெந்திருக்கிறது. ஆறிய பிறகு புது டப்பாவில் போட்டு மூடி அலமாரி மேலே வைத்திருக்கிறேன்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது: நாளைக்கு ஒத்துக்கொண்டால் வாரத்துக்கு எத்தனை தடவை கொடுக்க வேண்டும்? மேலே போய் என் ஓவனில் செய்யலாமா, 94 பாகை போதுமா, இன்னும் பத்து நிமிடம் கூட வைக்கவா? பாலுக்கு எப்போது? பனிஸ் மேலே பூசுகிற முட்டை வெந்த கணக்கில் சேருமா?