வரம்பில் நின்ற ரோபோ

இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களில், வரம்பு வழியாகப் போய் வாய்க்கால் நீர்மட்டத்தைப் படம் எடுத்து வரும் சின்ன நாலு சில்லு ரோபோ ஒன்றில் கிளிநொச்சியில் இருந்துகொண்டு வேலை செய்கிறேன். முதல் ஓட்டத்திலேயே அது வாய்க்காலுக்குள் விழுந்தது. சென்சர் பழுதில்லை. வரம்பு இரண்டு அடி அகலம்கூட இல்லை, சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், ஈரமண்ணில் சில்லு வழுக்கினால் போகாத தூரத்தையும் போனதாக எண்ணிக்கொள்ளும். இதெல்லாம் தெரிந்திருந்தும், தான் நிற்கக்கூடிய இடங்களில் மிகச் சாத்தியமான ஒன்றை எடுத்து அதையே உண்மையென்று வைத்து நடக்கும்படி நான்தான் எழுதியிருந்தேன்.

அன்றிரவு சித்தியிடம் சொன்னேன். அவர் முகமாலைப் பக்கம் பல வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவர். "டிடெக்டர் கத்தேல்லை எண்டால் அங்க ஒண்டும் இல்லை எண்டு அர்த்தமில்லை பிள்ளை. சந்தேகமெண்டால் நிண்டு திரும்பப் பாக்கிறதுதான் வேலை" என்றார். சில மிதிவெடிகளில் உலோகம் மிகக் குறைவு, கத்துவதில் பெரும்பாலானவையோ வெறும் இரும்புத் துண்டுகள். நாள் முழுக்க முழங்காலில் இருந்து சில சதுர மீட்டர் முடித்துவிட்டு வருவார். சின்ன வயதில் அதை மெதுவான வேலை என்று நினைத்திருக்கிறேன்.

நிலை முழுதாகத் தெரியாதபோது முடிவெடுக்கும் கணக்கைப் பொம்டிபி (POMDP) என்பார்கள். 1998-இல் கேல்பிளிங், லிட்மன், கசாண்ட்ரா மூவரும் எழுதிய கட்டுரையில் ஒரு புலிக் கணக்கு வரும். இரண்டு கதவு, ஒன்றின் பின்னால் புலி. சரியான கதவைத் திறந்தால் 10 புள்ளி, புலிக் கதவென்றால் 100 நட்டம். காது கொடுத்துக் கேட்கலாம், அதற்கு 1 புள்ளி போகும், கேட்டது 85 சதவீதம்தான் சரியாக இருக்கும். ஒருமுறை கேட்டுவிட்டுத் திறந்தால், கேட்ட செலவைச் சேர்க்காமலே சராசரியாக 6.5 நட்டம். இரண்டு முறையும் ஒரே பக்கம் கேட்டால் புலி அங்கேதான் என்ற நிச்சயம் ஏறக்குறைய 97 சதவீதம், அப்போது திறப்பது லாபம். ஆனால் புலிக்கான நட்டத்தை 1000 என்று மாற்றுங்கள், அதே 97 போதாது, மூன்றாம் முறையும் கேட்கவேண்டும். எனக்கு எல்லாம் விளங்கிய இடம் இதுதான். எவ்வளவு நிச்சயம் வேண்டும் என்பதைத் தவறினால் வரும் இழப்புத்தான் தீர்மானிக்கிறது. அத்தோடு, எதையும் நகர்த்தாமல் அறிவதற்காக மட்டும் செய்வதும் ஒரு செயல், அதற்கும் விலை உண்டு.

சரி, திட்டத்தைத் திரும்ப எழுதினேன். இப்போது அது தான் இருக்கக்கூடிய இடங்கள் எல்லாவற்றையும் நிகழ்தகவோடு வைத்துக்கொண்டே நடக்கிறது. வரம்பு திரும்பும் இடத்தில் நின்று கமராவை இடமும் வலமும் ஆட்டி இரண்டு ஓரத்தையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுக்கும். பாதி வேகம்தான், இருந்தும் கோடை முழுக்க ஒரு தடவைகூட விழவில்லை.

விழுவதற்கான நட்டத்தை நான் 200 என்று போட்டிருக்கிறேன். மாரியில் வாய்க்கால் நிரம்பி ஓடும்போது அது போதாது. எவ்வளவு போடுவதென்று சித்தியையும் வரம்புக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் முடிவெடுக்க இருக்கிறேன்.