மூலக் கோப்பில் கை வைக்காமல்

கிண்டியில், வெளிநாட்டு ஆய்விதழ்களை எக்ஸ்எம்எல் (உள்ளடக்கத்தின் பகுதிகளைக் குறியிட்டுக் காட்டும் கோப்பு முறை) வடிவுக்கு மாற்றித் தரும் ஒரு நிறுவனத்தில் நான் பணிக்குச் சேர்ந்தபோது, முதலில் என் கைக்கு வந்தவை ஒரே எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட்டின் 11 நகல்கள். இதழுக்கு ஒரு நகல். எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவுக்கு மாற்றும் விதிகளின் தொகுப்புதான் ஸ்டைல்ஷீட்; அவ்விதிகளை எழுதும் மொழி எக்ஸ்எஸ்எல்டி. அடிக்குறிப்புகளின் எண்ணில் பிழை வந்தபோது அதே திருத்தத்தை 11 முறை செய்ய வேண்டியிருந்தது. இரண்டு நகல்களில் அந்த வரிகள் யாராலோ வேறு விதமாக மாற்றப்பட்டிருந்ததால், அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போயிற்று.

இதற்கான வழி, 1999 நவம்பரில் வெளியான எக்ஸ்எஸ்எல்டியின் முதல் பதிப்பிலேயே இருக்கிறது. இம்போர்ட் என்ற கட்டளை ஒரு கோப்புக்குள் இன்னொன்றை வரவழைக்கும். இம்போர்ட் செய்யப்படும் கோப்பின் விதிகளைவிட, இம்போர்ட் செய்யும் கோப்பின் விதிகளுக்கு முன்னுரிமை அதிகம். எனவே பொதுவான விதிகள் அனைத்தையும் ஓர் அடிப்படைக் கோப்பில் வைத்துவிட்டு, ஒவ்வோர் இதழுக்கும் அதன் வேறுபாடுகளை மட்டும் தாங்கிய சிறு கோப்பு ஒன்றை எழுதினால் போதும். கோப்புகளைச் சேர்க்கும் மற்றொரு கட்டளையான இன்க்ளூட் இந்த வேலைக்கு உதவாது. அது இரு கோப்புகளையும் சம தரத்தில் சேர்த்துவிடும்.

இம்முன்னுரிமையில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு விதிக்கும் உள்ள ப்ரையாரிட்டி எண்ணைவிட இம்போர்ட் முன்னுரிமையே வலியது. ஆகவே இதழின் கோப்பில் நட்சத்திரக் குறியிட்டு, எல்லா எலிமெண்ட்டுகளுக்கும் (தலைப்பு, பத்தி போன்ற குறியிட்ட பகுதிகள்) பொருந்தும் டெம்ப்ளேட் (மாற்று விதி) ஒன்றை அதே மோடில் (விதிகளைக் குழுவாகப் பிரிக்கும் பெயர்) எழுதிவிட்டால், அடிப்படைக் கோப்பில் ஒவ்வோர் எலிமெண்ட்டுக்கும் கவனமாக எழுதப்பட்ட விதிகள் அத்தனையையும் அது மறைத்துவிடும்.

ஆனால் இம்போர்ட் மட்டும் போதாது. அடிப்படைக் கோப்பும் அதற்கு இடம் கொடுத்து எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்களுடையதில் தலைப்பு, ஆசிரியர்கள், சுருக்கம் ஆகிய மூன்றும் ஒரே டெம்ப்ளேட்டுக்குள், ஃபார்-ஈச் (ஒவ்வொன்றாக எடுத்துச் செயல்படும் கட்டளை) மேல் ஃபார்-ஈச்சாக அடுக்கப்பட்டிருந்தன. ஆசிரியரின் பணியிடத்தைப் பெயருக்குக் கீழே காட்ட விரும்பும் இதழ், அந்த ஒரு வரிக்காக முழு டெம்ப்ளேட்டையும் நகலெடுத்தே ஆக வேண்டும். அதாவது பழைய நோய் திரும்பிவிடும். ஒவ்வோர் எலிமெண்ட்டுக்கும் தனி டெம்ப்ளேட் எழுதி, உள்ளே இருப்பதை, அதற்கேற்ற டெம்ப்ளேட்டைத் தானே தேடி இயக்கும் அப்ளை-டெம்ப்ளேட்ஸிடம் ஒப்படைத்த பிறகுதான் வேண்டிய ஒன்றை மட்டும் மாற்ற முடிந்தது. அடிப்படை வெளியீட்டைச் சுற்றி ஓர் உறை மட்டும் போதுமென்றால், அடிப்படைக் கோப்பின் விதியையே அழைக்கும் அப்ளை-இம்போர்ட்ஸ் இருக்கிறது.

நிறம், எண்ணிடும் முறை போன்றவற்றை வெளியிலிருந்து மதிப்பை மாற்றக்கூடிய மேல்நிலை பாராம்களாக்கினோம். ‘படம்’, ‘அட்டவணை’ போன்ற சொற்களை மொழிவாரியாகத் தனிக் கோப்புகளில் வைத்தோம். தொழில்நுட்ப ஆவணங்களுக்கான எக்ஸ்எம்எல் வடிவமான டாக்புக்கின் ஸ்டைல்ஷீட்டுகளைப் படித்துக் கற்ற பழக்கம் இது. இந்தக் கலையை முறையாகக் கற்க விரும்புவோர் அவற்றைத் திறந்து படிக்க வேண்டும் என்பேன்.

இதழ்கள் தம் சேர்க்கைகளைச் செருகிக்கொள்வதற்காக, பெயர் மட்டும் கொண்ட வெற்று டெம்ப்ளேட்டுகளையும் சில இடங்களில் வைத்திருக்கிறோம். அடிப்படைக் கோப்பில் யாராவது அந்தப் பெயரை மாற்றிவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. இதழின் டெம்ப்ளேட்டை அழைப்பார் இன்றி, அதன் சேர்க்கை வெளியீட்டிலிருந்து ஓசையின்றி மறைந்துவிடும். அதனால் வெளியார் நம்பியிருக்கும் பெயர்கள், மோடுகள், பாராம்கள் அனைத்தையும் அடிப்படைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதி வைத்துள்ளோம். அவற்றில் எதைத் தொட்டாலும், 11 இதழ்களின் மாதிரிக் கட்டுரைகளையும் ஓட்டி, பழைய வெளியீட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறோம்.