பதினொரு அச்சகங்களின் காபன் கணக்கு: சங்கமாகச் செய்தபோது மாட்டிக்கொண்ட இடங்கள்

ஆடைத் தொழிற்சாலைகளுக்கு லேபிளும் பெட்டியும் அடித்துக்கொடுக்கும் கொழும்புச் சிறு அச்சகங்களுக்குப் போன வருடம் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது: காபன் கணக்கு (உங்கள் வேலையால் வருடத்துக்கு எவ்வளவு காபனீரொட்சைட்டும் அதுபோன்ற வாயுக்களும் வெளியேறுகின்றன என்ற கணக்கு) தாருங்கள், நிகர பூச்சியத்துக்கான திட்டத்தையும், அதாவது அதைக் குறைத்து மிச்சத்தை ஈடுசெய்யும் திட்டத்தையும், இணையுங்கள். ஆளுக்கொரு ஆலோசகர் பிடித்தால் கட்டுபடியாகாது என்பதால் எங்கள் சங்கம் பதினொரு அச்சகங்களைச் சேர்த்துக் கணக்கெடுத்தது. கணக்கு இப்போது சரிபார்ப்பைத் தாண்டிவிட்டது. ஆனால் மூன்று மாத வேலை ஒன்பது மாதம் இழுத்தது. அடுத்துச் செய்யப்போகும் சங்கங்கள் அந்த ஆறு மாதத்தை இழக்க வேண்டாம்.

முதல் அடி மின்சாரப் பட்டியலில். கொட்டாஞ்சேனை, பஞ்சிகாவத்தைப் பக்கத்துப் பழைய கட்டிடங்களில் மீற்றர் கட்டிடச் சொந்தக்காரர் பெயரில் இருக்கும். முன்னால் அச்சகம், மேலே களஞ்சியம், பின்னால் தையல் கடை, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். பன்னிரண்டு மாதப் பாவனை விவரம் கேட்டுப் போன உறுப்பினரைக் "கணக்கு உங்கள் பெயரில் இல்லையே" என்று கவுண்டரிலேயே திருப்பிவிட்டார்கள். சங்கக் கடிதத்தோடு மறுபடி போனார். சங்கத்துக்கும் இந்தக் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு மறுபடியும் திருப்பினார்கள். என்ன கொண்டுவந்தால் தருவோம் என்பதை இரண்டு தடவையும் சொல்லவில்லை. வேண்டியிருந்தது ஒரு தாள்: கணக்கு இலக்கம் எழுதி, சொந்தக்காரர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், கூடவே அவருடைய அடையாள அட்டைப் பிரதி. இந்தப் படிவத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் அடித்து முதல் நாளே உறுப்பினர் கையில் கொடுத்துவிடுங்கள்.

பொது மீற்றரைச் சதுர அடி பார்த்துப் பிரிக்க வேண்டாம். ஓஃப்செட் மெஷின் இழுக்கும் மின்சாரத்தைக் களஞ்சியம் இழுக்காது, சரிபார்ப்பாளருக்கும் அது தெரியும். துணை மீற்றர் போட்டு, மாதம் தவறாமல் ஒரே திகதியில் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது, ஒரு அலகு மின்சாரத்துக்கு எவ்வளவு காபன் என்பது. பதினொரு பேரிடமிருந்து மூன்று விதமான எண்கள் வந்தன. சிலர் இணையத்தில் கிடைத்த இந்தியக் கணிப்பானைப் போட்டிருந்தார்கள். அங்கே பெரும்பகுதி நிலக்கரி மின்சாரம், நமக்கு நீர்மின்சாரம் கணிசமாக உண்டு. எண் தேவையில்லாமல் ஏறிவிடும். சிலர் நிலைபெறுதகு சக்தி அதிகாரசபையின் சக்திச் சமநிலை அறிக்கையைத்தான் பார்த்தார்கள், ஆனால் அதில் ‘ஒப்பரேட்டிங் மார்ஜின்’ என்ற வரியை எடுத்துவிட்டார்கள். அது காபன் வரவுத் திட்டங்களை, அதாவது உமிழ்வைக் குறைத்து அதற்கான சான்றை விற்கும் திட்டங்களை, கணக்கிடுவதற்கானது. நமக்கு வேண்டியது எல்லா மின்நிலையங்களையும் சேர்த்த சராசரி வரி. எந்த வருட அறிக்கை, எந்த வரி என்று சங்கம் எழுத்தில் அறிவித்த பிறகுதான் இது தீர்ந்தது. மழை பொய்த்த வருடத்தில் இந்த எண் உயரும், நல்ல மழையில் இறங்கும். அதனால் ஆயிரம் தாளுக்கு எத்தனை அலகு என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அச்சகத்தின் உண்மையான முன்னேற்றம் அதில்தான் தெரியும்.

டீசல் கணக்கு சுலபம்: லீற்றருக்கு ஏறத்தாழ 2.68 கிலோ காபனீரொட்சைட்டு. நிரப்பு நிலையத்தில் தரும் சீட்டு மட்டும் சில மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும், வாங்கிய அன்றே படம் எடுங்கள்.

அதிகம் அலைக்கழித்தது ஏசி காஸ். பற்றுச்சீட்டில் "ஏசி சேவிஸ், காஸ் ஃபுல்" என்று ஒரே வரி.

"தம்பி, எத்தனை கிலோ போட்டீங்க?"

"ஃபுல் பண்ணிட்டேன் அண்ணன்."

எந்தக் காஸ் என்பதும் எழுதியிருக்கவில்லை. இதை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஆர்-410ஏ காஸ் இரண்டு கிலோ கசிந்தால், ஐ.நா.வின் காலநிலை நிபுணர் குழுவான ஐபிசிசியின் ஐந்தாம் அறிக்கையில் உள்ள 1924 என்ற எண்ணின்படி (காபனீரொட்சைட்டைவிட எத்தனை மடங்கு சூடாக்கும் என்பதே அந்த எண்) 3,848 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். 1,400 லீற்றர் டீசலுக்கு மேல். நான்காம் அறிக்கையில் அதே காஸுக்கு 2088. ஒருவர் பழையதையும் இன்னொருவர் புதியதையும் போட்டால் கூட்டுத்தொகைக்கு அர்த்தமில்லை. பழைய ஏசி மெஷின்களில் உள்ள ஆர்-22 காஸை மொத்தத்தோடு கூட்டக்கூடாது, தனியாகக் காட்ட வேண்டும். இப்போது சங்கம் சிறு அட்டை ஒன்று அடித்துக் கொடுத்திருக்கிறது: காஸ் வகை, சிலிண்டரின் எடை முன்னும் பின்னும், திகதி. அட்டை நிரப்பாமல் காசு கொடுப்பதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

பெரிய பிழை அடிப்படை ஆண்டில், அதாவது பின்னால் வரும் குறைப்பை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆண்டில், நடக்க இருந்தது. பலர் 2022ஐ எழுதியிருந்தார்கள், டீசல் சீட்டுகள் பத்திரமாக இருந்த வருடம் அது. ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, அச்சு வேலையோ பாதி. அதை அடிப்படையாக வைத்தால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலும் பின்னால் பெரிய குறைப்பு தெரியும். தெரிந்துகொண்டு அப்படிக் காட்டுவது ஏமாற்று. 2023 ஏப்ரலிலிருந்து 2024 மார்ச் வரை என்று மாற்றினோம். கணக்காளரின் நிதியாண்டும் அதுவே என்பதால் சீட்டுத் தேடும் வேலையும் குறைந்தது.

கூரைச் சூரியத் தகடு வைத்தவர்கள் கவனியுங்கள். ‘நெட் பிளஸ்’ முறை என்றால் உற்பத்தி முழுவதையும் விற்றுவிடுகிறீர்கள். நீங்கள் பாவிப்பது பொது மின்சாரம். "எங்கள் மின்சாரம் பூச்சியம்" என்று எழுத முடியாது.

இன்னொன்று, மனத்தாங்கலோடு சொல்கிறேன். பதினொரு பேரின் மாதப் பாவனை அட்டவணையை ஒருவர் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மின்சார அலகைப் பார்த்தே யாருக்கு எவ்வளவு ஓடர் என்று போட்டியாளர் ஊகித்துவிடுவார். இரண்டு பேர் விலகினார்கள், திரும்பக் கொண்டுவர ஆறு வாரம் ஆயிற்று. இப்போது பெயருக்குப் பதில் குறியீட்டு எண். தரவு ஒருவரிடம் மட்டும். உறுப்பினருக்குத் திரும்பிப் போவது அவருடைய எண்ணும் எல்லோருடைய சராசரியும் மட்டுமே.

குறைப்பு வேலையில், மெஷின்களுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கம்பிரஷரால் உடனே பலன் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் நின்றிருக்கும்போது சவர்க்கார நீர் தடவிக் கசிவு பிடித்தோம், அழுத்தத்தை 8 பாரிலிருந்து 7க்கு இறக்கினோம். ஒரு பார் இறங்கினால் கம்பிரஷர் மின்சாரத்தில் ஏறத்தாழ 7 வீதம் மிச்சம்.

மிகப் பெரிய பங்கு ஸ்கோப் 3இல், அதாவது நாம் வாங்கும் பொருள் போன்றவற்றால் வெளியில் நடக்கும் உமிழ்வில்; எங்களுக்கு அது காகிதம். ஒரு அச்சகம் தனியாகக் கேட்டபோது இறக்குமதியாளர்கள் பதிலே போடவில்லை. பதினொரு பேரின் கொள்வனவையும் ஒரே தொகையாகக் காட்டிச் சங்கம் எழுதியது. விலைப் பேச்சை அந்தக் கடிதத்தில் சேர்க்கவில்லை, உமிழ்வுச் சான்று மட்டும் கேட்டோம். இரண்டு ஆலைகளிடமிருந்து டொன் ஒன்றுக்கான எண் வந்துவிட்டது. மூன்றாவது ஆலைக்கு நினைவூட்டல் போயிருக்கிறது.