தடை மட்டும் போட்டா அணுகுண்டு நின்னுடுமா?

ஈரான் அணுகுண்டு செய்யாம இருக்க அவங்க மேல பொருளாதாரத் தடைய இன்னும் இறுக்குனா வழிக்கு வந்துடுவாங்கன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், தடை வலிச்சது நெசம்தான், 2012ல நம்ம நாடே தடையால டாலர்ல கட்ட வழியில்லாம அவங்க எண்ணெய்க்கு ஒரு பங்கு காச யூகோ பேங்க்ல ரூபாயா கட்டுச்சு, ஆனா 2015ல வியன்னால ஈரானோட அணு ஒப்பந்தம் ஆனது, அமெரிக்காவும் மத்த நாடுங்களும் தடைய எடுக்குறோம்னு வாக்கு குடுத்ததாலயும்தான். யுரேனியம் செறிவு (இது ஏற ஏற குண்டுக்கு கிட்ட போகும்) 3.67 சதவீதம், கையிருப்பு 300 கிலோ, அதுக்கு மேல கூடாதுன்னு ஒத்துக்கிட்டாங்க, ஐ.நா. இன்ஸ்பெக்டருங்களும் உள்ள போய் பாத்தாங்க. (ஈரானும் யோக்கியம் இல்லப்பா, ஃபோர்டோன்ற யுரேனியம் செறிவூட்டுற ஆலைய மலைக்குள்ள மறைச்சு வெச்சது 2009லதான் வெளிய தெரிஞ்சுது.) 2018ல ட்ரம்ப் ஒப்பந்தத்துல இருந்து வெளியேறி தடைய திரும்ப போட்டாரு, 2021ல ஈரான்காரங்க செறிவுல 60 சதவீதத்துக்கு போய்ட்டாங்க. தவணை ஒழுங்கா கட்டுனவன் வண்டிய தூக்கிட்டா அடுத்த தவணைய எவன் கட்டுவான்? இத சத்துவாச்சாரி டீக்கடைல சொன்னா, "இன்னா தம்பி, நீ ஈரான் ஆளா?"ன்றாரு ஒரு பெரியவரு 😄